வீட்டில் அசெம்பிள் செய்த கணினி இயங்க மறுக்கும்போது: எஸ்எம்பிஎஸ், வன்பொருள் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதிரிபாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்தவர்களில் பலர், அது ஒரு நாள் இயங்க மறுத்தால், அளந்து பார்க்காமலேயே எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிப் பாகங்களுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி) போய்விட்டது என்றோ மதர்போர்டு போய்விட்டது என்றோ முடிவு கட்டி, புதிதாக ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். உறவினர்கள், அக்கம்பக்கத்தார் ஆகியோரின் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பார்த்து வருபவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் தொடங்கி ஒவ்வொரு கட்டமாக உள்ளே போக வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றியவருக்கு எது கெட்டிருந்தது என்பது கடைசி வரை தெரியாது.

பொத்தானை அழுத்தினால் எந்தச் சலனமும் இல்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேபினெட்டைத் திறக்க வேண்டாம். கணினியின் வயரைக் கழற்றிவிட்டு, அதே பிளக் பாயிண்டில் ஒரு மேசை விளக்கையோ கைப்பேசி சார்ஜரையோ செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக இணைத்திருந்தால் அதை விலக்கிவிட்டு, சுவரில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகள் நாளடைவில் தளர்ந்து, பிளக் செருகியிருப்பது போலத் தோன்றினாலும் தொடர்பு விட்டுவிட்டு வரும். அடுத்தது, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறம் செருகும் மூன்று முனை வயர். மானிட்டருக்கும் பெரும்பாலும் இதே வகை வயர்தான் என்பதால், இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறத்தில் உள்ள சிறிய சுவிட்ச், கேபினெட்டை நகர்த்தித் துடைக்கும்போது கைபட்டு அணைந்திருப்பதும் உண்டு.

இவை சரியாக இருந்தால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் பல மதர்போர்டுகளில் ஒரு சிறிய விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சுவரில் மின்சாரம் இருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் தொடர்ந்து வழங்கும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டை எட்டுகிறது என்பதற்கு அந்த விளக்கே சாட்சி. அது எரிந்தும் கணினி எழவில்லை என்றால், கேபினெட்டின் முன்புறப் பொத்தானைச் சந்தேகியுங்கள். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் அந்தப் பொத்தானின் வயர் வந்து சேரும் இரண்டு ஊசிகளைக் கையேட்டின் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, வயரைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்குரூடிரைவர் நுனியால் அந்த இரண்டையும் ஒரு நொடி மட்டும் ஒன்றாகத் தொடுங்கள். கணினி எழுந்துவிட்டால் பழுது அந்தப் பொத்தானிலோ அதன் வயரிலோதான் இருக்கிறது. மற்ற அனைத்தும் நலம்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியாகச் சோதிக்க முடியுமா?

முடியும். சுவரில் சுவிட்சை அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மற்ற பாகங்களுக்குச் செல்லும் எல்லா வயர்களையும் கழற்றிவிடுங்கள். மதர்போர்டுக்குச் செல்லும் 24 முனைக் கனெக்டரில் 16ஆவது முனை, எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும் கட்டளை முனையாகும். பழைய எஸ்எம்பிஎஸ்களில் அது பச்சை நிற வயராக இருக்கும். அதன் இருபுறமும் உள்ள 15, 17ஆவது முனைகள் கிரவுண்டு, அதாவது கறுப்பு வயர்கள். வளைத்த பேப்பர் கிளிப் ஒன்றால் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் இணைத்து, கையை எடுத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லா வயர்களும் கறுப்பாகவே இருப்பதால், கையேட்டில் உள்ள முனை வரைபடத்தைப் பார்க்காமல் ஊகத்தில் இதைச் செய்யக் கூடாது.

மின்விசிறி சுற்றினால் எஸ்எம்பிஎஸ் எழுந்துவிட்டது என்று மட்டுமே பொருள். அது நன்றாக இருக்கிறது என்று பொருள் அல்ல. அதேபோல், குறைந்த சுமையில் மின்விசிறியை நிறுத்தியே வைக்கும் மாடல்களும் இருப்பதால், விசிறி சுற்றவில்லை என்பதற்காக எஸ்எம்பிஎஸ் இறந்துவிட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. அடுத்த கேள்வியில் சொல்லும் அளவீடுதான் உண்மையைச் சொல்லும்.

மல்டிமீட்டரில் எந்த அளவுகள் வர வேண்டும்?

கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான தரவரையறையான ஏடிஎக்ஸின்படி 12, 5, 3.3 வோல்ட் தடங்கள் ஒவ்வொன்றும் ஐந்து சதவீதம் வரை கூடலாம் அல்லது குறையலாம். அதாவது மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பு வயரில் 4.75 முதல் 5.25 வரையும், ஆரஞ்சு வயரில் ஏறத்தாழ 3.14 முதல் 3.47 வரையும் இருக்கலாம். காத்திருப்பு மின்சாரம் வரும் ஊதா வயரில், கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். சாம்பல் நிற வயர் முக்கியமானது: மற்ற மின்னழுத்தங்கள் நிலைபெற்ற பிறகு, எல்லாம் தயார் என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குச் சொல்லும் சைகை அதில்தான் வருகிறது. எஸ்எம்பிஎஸ் எழுந்து அரை நொடிக்குள் அதில் 5 வோல்ட்டை ஒட்டிய அளவு வராவிட்டால், விசிறிகள் சுற்றினாலும் பிராசசர் வேலையைத் தொடங்காது.

சுமை இல்லாமல் அளப்பது பாதிச் சோதனைதான். உறவுக்காரப் பையன் ஒருவனின் கணினி, ஏதேனும் விளையாட்டைத் தொடங்கிய சில நிமிடங்களில் அணைந்துகொண்டிருந்தது. பேப்பர் கிளிப் சோதனையில் மஞ்சள் வயர் 12.1 வோல்ட் காட்டியது. எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று நானும் நினைத்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் இணைத்து, பயன்பாட்டில் இல்லாத ஒரு மோலெக்ஸ் (பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கான நான்கு முனை) கனெக்டரின் மஞ்சள், கறுப்புத் துளைகளில் மல்டிமீட்டர் ஊசிகளை வைத்துக்கொண்டு விளையாட்டைத் தொடங்கச் சொன்னேன். 11.8, 11.5, 11.2 என்று எண்கள் இறங்கி, 10.9ஐத் தொட்டதும் திரை இருண்டது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிய பிறகு அதே இடத்தில் 11.9க்குக் கீழே இறங்கவே இல்லை. கணினி இயங்கும்போது இப்படி அளப்பவர்கள், இரண்டு ஊசிகளின் நுனிகளும் ஒன்றையொன்று தொடாதபடி மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும்.

கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கசிகிறதா?

பெரும்பாலும் இல்லை, உங்கள் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்பதே அதன் பொருள். இந்தக் கேள்விக்கு நீண்ட விடை தேவை. ஏனென்றால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு, காலில் செருப்பு போட்டுக்கொண்டால் போதும் என்று விட்டுவிடுபவர்கள் நம்மிடையே மிக அதிகம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் உலோக உறையோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் வயர் உண்மையாகவே மண்ணோடு இணைந்திருந்தால், அந்த வழியே வரும் மிகச் சிறிய கசிவு யாருக்கும் தெரியாமல் எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் அந்த உறையும் அதோடு இணைந்த கேபினெட்டும் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில், அதாவது 230 வோல்ட் வீட்டில் 115 வோல்ட்டை ஒட்டி மிதந்துகொண்டிருக்கும். கெபாசிட்டர்கள் சிறியவை என்பதால் பாயும் மின்னோட்டம் சுரீர் என்ற உணர்வோடு நின்றுவிடுகிறது. ஆனால் பேஸ் வயரின் உறை உரிந்து கேபினெட்டைத் தொடும் நாள் ஒன்று வந்தால், காப்பாற்ற எர்த் இருக்காது.

சோதிப்பது எளிது, ஆனால் நேரடி மின்சாரத்தில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைப்பதே நல்லது. மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் போன்ற உயர்ந்த அளவில் வைத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 230ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 60, 90 என்று நிலையில்லாத எண்கள் வந்தால் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை, அல்லது இருந்தும் எங்கோ அறுந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சிறு வயரால் இணைத்துவிட்டு, இனி ஷாக் அடிக்காது என்று சொல்லிச் செல்பவர்கள் உண்டு. ஷாக் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தாலோ, பேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலோ, முழு 230 வோல்ட்டும் கேபினெட்டுக்கு வந்துவிடும். தயவுசெய்து இதை யாரையும் செய்ய விடாதீர்கள். எர்த் குழியிலிருந்து முறையாக வயர் இழுப்பதும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்துவதும்தான் சரியான தீர்வு. எர்த் இல்லாத கணினியிலிருந்து தொலைக்காட்சிக்கு எச்டிஎம்ஐ வயரைச் செருகும் கணத்தில், இரண்டுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டால் அந்தப் போர்ட்டே எரிந்துபோவதும் நடக்கிறது.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

மின்சாரம் நின்ற பிறகும், உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் தேங்கியிருக்கும் ஆற்றலைக் கொண்டு எஸ்எம்பிஎஸ் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் அது 16, 17 மில்லிநொடி. தரம் குறைந்தவற்றில் முழுச் சுமையில் அதைவிடக் குறைவு. வீட்டு இன்வெர்ட்டர் இந்த இடைவெளிக்குள் மாறிவிட்டால் கணினிக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் கணினி அணைந்து மீண்டும் எழும். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் யூபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலைகள் கொண்ட சுவிட்ச் இருக்கும். விசிறிக்கும் விளக்கிற்கும் போதுமானது என்று அதை நார்மலில் விட்டிருப்பார்கள். அந்த நிலையில் மாற்றத்துக்கு ஆகும் நேரம் அதிகம். அதை யூபிஎஸ் நிலைக்கு மாற்றினாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. சதுர அலை இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு, ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) கொண்ட இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் அந்த மின்சாரத்தோடு ஒத்துப்போகாமல் ரீங்காரமிடுவதும் அணைந்துபோவதும் உண்டு. அவர்கள் சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

தனி யூபிஎஸ் இருந்தும் அணைந்தால் அதன் கொள்ளளவையும் பேட்டரியையும் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருப்பது 600 வாட் அல்ல. இந்த வகை யூபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் வரையே தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி நம் ஊர் வெயிலில் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்தால் அது அதிகம்தான். யூபிஎஸ்ஸைச் சோதிக்கும்போது பிளக்கைப் பிடுங்காமல் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கினால் எர்த் இணைப்பும் சேர்ந்து போய்விடும்.

சாதாரண வேலைகளில் ஒன்றும் இல்லை. விளையாடும்போதோ காணொளி ரெண்டர் செய்யும்போதோ மட்டும் அணைகிறது. எஸ்எம்பிஎஸ்ஸா, வெப்பமா?

அணையும் விதத்தைக் கவனியுங்கள். திடீரென்று அணைந்து, முன்புறப் பொத்தானை அழுத்தினாலும் எழாமல், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்ட பிறகே எழுகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வேகம் மெல்லக் குறைந்து, விசிறிகள் இரைந்து, அதன் பிறகு அணைந்தால் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும். திரை உறைந்து நின்றுவிட்டு, ஒலி மட்டும் ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டிருந்தால் கிராபிக்ஸ் கார்டு, அதன் டிரைவர், ராம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவைக் கண்டவுடன் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பலர் முடிவு செய்கிறார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது; காரணத்தைச் சொல்வதில்லை.

இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் சராசரியாக 300 வாட் இழுத்தாலும், ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்திற்கு அதைப்போல இரு மடங்கு வரை தாவக்கூடும். இதனால்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவைப்போல இரு மடங்கு வரையான தாவல்களை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது. அதற்கு முந்தைய எஸ்எம்பிஎஸ்ஸில், கூட்டிக் கழித்துப் பார்த்தால் போதுமான வாட் இருந்தும் கணினி அணைவதற்கு இந்தத் தாவல்கள் ஒரு காரணம்.

புதிதாக வாங்குவதற்கு முன் வயர்களைப் பாருங்கள். மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரை தரும். 6 முனைக் கனெக்டர் 75 வாட்டுக்கும் 8 முனைக் கனெக்டர் 150 வாட்டுக்கும் வரையறுக்கப்பட்டவை. கார்டில் இரண்டு 8 முனைத் துளைகள் இருக்கும்போது, ஒரே வயரின் நுனியில் கிளைத்திருக்கும் இரண்டு கனெக்டர்களை அவற்றில் செருகினால், 300 வாட்டும் ஒரே வயர் வழியே போக வேண்டியிருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி வயர்களை இழுத்து இணைத்ததும் கோளாறு மறைந்த கணினிகளைக் கண்டிருக்கிறேன். அதற்கு ஆன செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

எஸ்எம்பிஎஸ் லேபிளில் 450 வாட் என்று இருக்கிறது. அதை நம்பலாமா?

பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். லேபிளில் 12 வோல்ட் தடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால் 216 வாட்தான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் வாழ்வது அந்த 216இல்தான். மீதியெல்லாம், இன்றைய கணினி அதிகம் தொடாத 5, 3.3 வோல்ட் தடங்களைக் கூட்டிச் சொன்ன கணக்கு. 80 பிளஸ் முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளிவருகிறது என்பதை மட்டும் குறிக்கிறது. பாதுகாப்புச் சுற்றுகள் உள்ளனவா என்பதை அது சொல்லாது. புதிதாக அசெம்பிள் செய்பவர்களுக்கு என் கருத்து: பிராசசரில் ஒரு படி குறைத்துக்கொண்டாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் குறைக்காதீர்கள்.

விசிறிகள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. என்ன செய்வது?

மானிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் வயர் அந்தக் கார்டில்தான் செருகப்பட வேண்டும். மாறாக, தனி கார்டு இல்லாமல் அசெம்பிள் செய்திருந்தால் உங்கள் பிராசசரில் கிராபிக்ஸ் வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து வரும் இன்டெல் பிராசசர்களிலும், 5600 போன்ற ஜி எழுத்து இல்லாத பழைய தலைமுறை ஏஎம்டி ரைசன் பிராசசர்களிலும் அது கிடையாது. அவற்றை மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டோடு இணைத்து எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

அடுத்து, மதர்போர்டின் மேல் மூலையில், பிராசசருக்கென்று உள்ள 8 முனை மின் இணைப்பு. 24 முனைக் கனெக்டரை மட்டும் செருகிவிட்டு இதை மறந்துவிடுவது முதன்முறை அசெம்பிள் செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. விசிறிகள் எல்லாம் சுற்றும், பிராசசருக்கு மட்டும் உணவு இருக்காது.

பிறகு ராம். சுவரில் சுவிட்சை அணைத்து, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைச் சுத்தமான துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பென்சில் அழிப்பான் கொண்டு தேய்ப்பது நம் ஊர் சர்வீஸ் கடைகளின் பழைய வழக்கம். அது பல முறை பலனளிப்பது உண்மைதான் என்றாலும், அழிப்பான் துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அழுத்தித் தேய்க்கவும் கூடாது. ஒரே ஒரு ராமை மட்டும், நான்கு ஸ்லாட் மதர்போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில், இருபுறமும் டக் என்று பூட்டும் வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ராம்கள் இருந்தால் இரண்டாவதும் நான்காவதுமே அவற்றுக்குரிய ஸ்லாட்கள். டிடிஆர்5 வகை ராம் கொண்ட புதிய கணினியாக இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: முதன்முறை எழும்போது ராமோடு ஒத்துப்போகும் வேகத்தை மதர்போர்டு தேடிக் கண்டுபிடிக்கும் வரை, சில நிமிடங்கள் திரை இருண்டே இருக்கலாம். அதற்குள் அவசரப்பட்டு அணைத்து அணைத்துப் போடுபவர்கள் அந்தத் தேடலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். பத்து நிமிடம் பொறுத்திருங்கள்.

பல மதர்போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறிய விளக்குகள் உண்டு. கணினி எழும்போது அவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நின்றுவிடுகிறதோ அங்கேதான் தடை. அந்த விளக்குகள் இல்லாதவர்கள், கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சிறிய பீப் ஸ்பீக்கரை வாங்கி மதர்போர்டில் செருகி, அது எழுப்பும் ஒலிகளைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு படம் வரவில்லை என்றால், மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றை மட்டும் இணைத்து எழுப்புங்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே இயங்கி, உள்ளே இயங்காவிட்டால், மதர்போர்டின் திருகுத் துளை இல்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி பொருத்தப்பட்டு, அது பலகையின் அடிப்பகுதியைத் தொட்டு ஷார்ட் ஆகிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு நொடி எழுந்து அணைகிறது, மீண்டும் எழுகிறது, இதுவே தொடர்கிறது. காரணம் என்ன?

எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது ராம் ஒத்துப்போகவில்லை. ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, முன்புற யூஎஸ்பி வயர், கூடுதல் விசிறிகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு எழுப்பிப் பாருங்கள். வளைந்து ஒன்றையொன்று தொடும் யூஎஸ்பி போர்ட்டின் உள்முனைகள்கூட இதைச் செய்யும். சமீபத்தில் பயாஸ் (கணினி எழும்போது முதலில் இயங்கும் மதர்போர்டு மென்பொருள்) அமைப்பையோ ராம் வேகத்தையோ மாற்றியிருந்தால், சுவரில் அணைத்துவிட்டு, நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் வயர்களை, அதாவது எஸ்எம்பிஎஸ் பக்கத்திலும் கழற்றக்கூடிய வயர்களை, புதியதில் பயன்படுத்தலாமா?

கூடாது. எஸ்எஸ்டி பக்கத்தில் உள்ள கனெக்டரின் அமைப்புக்குத் தரவரையறை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் உள்ளதற்கு இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையேகூட முனைகளின் வரிசை மாறியிருக்கலாம். வயர் அழகாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் 5 வோல்ட் வர வேண்டிய முனையில் 12 வோல்ட் வந்து, ஹார்ட் டிஸ்க்கும் அதில் உள்ள திருமணப் புகைப்படங்களும் ஒன்றாகப் போகும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது வயர்களையும் கட்டாயம் மாற்றுங்கள்.

புதிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கு மின்சாரம் தரும் 16 முனைக் கனெக்டர் கருகிவிடும் என்கிறார்களே?

2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் வந்த சில வாரங்களிலேயே சிலருடைய கனெக்டர்கள் உருகின. முழுமையாகச் செருகப்படாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம் எனத் தெரியவந்தது. 600 வாட் வரை செல்லக்கூடிய ஒரு சிறிய கனெக்டரில் தொடர்பு அரைகுறையாக இருந்தால் அந்த இடம் சூடேறுவது இயல்பு. பின்னர் வந்த திருத்தப்பட்ட வடிவத்தில், முழுமையாகச் செருகாவிட்டால் கார்டு முழு மின்சாரத்தை எடுக்காதபடி உணர்முனைகள் குட்டையாக்கப்பட்டன. கனெக்டருக்கும் கார்டுக்கும் இடையே இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள். கேபினெட்டின் கண்ணாடித் தகடு வயரை அழுத்தி வளைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று எப்படி அறிவது?

பெரும்பாலான பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். எந்த வேலையும் கொடுக்காதபோதே 70, 80 என்று காட்டினால் கூலர் பிராசசரைச் சரியாகத் தொடவில்லை. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று பூட்டாமல் தூக்கிக்கொண்டிருப்பதும், கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே பொருத்திவிடுவதும் நான் மீண்டும் மீண்டும் கண்டவை.

தூசி, எறும்பு, பல்லி: இவற்றால் உண்மையிலேயே கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகும். எஸ்எம்பிஎஸ்ஸின் வெதுவெதுப்பைத் தேடிப் பல்லிகள் உள்ளே போவதும், உயர் மின்னழுத்தம் உள்ள இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் தொட்டுத் தாமும் மாண்டு எஸ்எம்பிஎஸ்ஸையும் எரித்துவிடுவதும் நம் ஊர்களில் நடப்பவைதான். கேபினெட்டின் பின்புறத்தில் கார்டு இல்லாத இடங்களைத் தகடு கொண்டு மூடிவையுங்கள். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று கனெக்டர் முனைகளில் பச்சை பூக்கச் செய்யும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். புளோயர் கொண்டு தூசி ஊதும்போது விசிறியின் இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 320 முதல் 400 வோல்ட் வரை தேங்கியிருக்கும். வயரைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரங்களில் நீண்ட நேரம் அங்கேயே இருக்கும். வெளியிலிருந்தே ஊதுங்கள்.

இடி மின்னலின்போது சுவிட்சை அணைத்தால் போதுமா?

போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். இணைய வயரையும் கழற்ற வேண்டும், ஏனென்றால் அதன் வழியாகவும் மிகை மின்னழுத்தம் மதர்போர்டுக்கு வரும். மின்னலைவிட அடிக்கடி நடப்பது நியூட்ரல் அறுந்துபோவது. மூன்று பேஸ் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளுக்கு 230க்குப் பதில் 350, 400 வோல்ட் வரை வந்துவிடும். விளக்குகள் திடீரென்று கண்கூசும்படி எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள்.

கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ எடுத்துச் செல்லும் முன் என்ன செய்ய வேண்டும்?

கணினி சரியாக எப்போது அணைகிறது, அணைந்த பின் எப்படி எழுகிறது, எந்த விளக்கு எரிந்து நிற்கிறது, மஞ்சள் வயரில் சுமையோடும் சுமையின்றியும் எத்தனை வோல்ட், நீங்கள் மாற்றிப் பார்த்த பொருள்கள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் திருகு மேல் உள்ள வாரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். பில்லையும் தொடர் எண் லேபிளையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் கோளாறுக்குக் காரணம் அல்ல என்று தெரிந்திருந்தால் அவற்றைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். ஒரு முறை நான் ஒரு கடையில் விட்டுவந்த எஸ்எம்பிஎஸ், பேப்பர் கிளிப்பில் விசிறி சுற்றுகிறது என்பதற்காகவே பழுதில்லை என்று திருப்பித் தரப்பட்டது. மறுநாள் 10.9 வோல்ட் காட்டும் மல்டிமீட்டரின் படத்தை, பின்னணியில் கணினி ஓடிக்கொண்டிருப்பது தெரியும்படி எடுத்துக்கொண்டு போனேன். பத்து நாளில் புதியது வந்தது.